டாக்கெட் வழியே குற்றவியல் சட்டம்: தென்னாப்பிரிக்கக் காவல் பணிக்குப் படிக்கத் தொடங்குவோருக்கு

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் காவல் பணிக்குப் படிக்க உட்கார்ந்தால், முதலில் சிலவற்றை மறக்க வேண்டியிருக்கும். "முந்நூத்தி ரெண்டுல உள்ள தள்ளிடுவேன்" என்கிற மிரட்டல் டர்பனில் செல்லாது. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண். இந்தியாவிலேயே 2024 ஜூலை 1 முதல் அது போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் கொலைக்குப் பிரிவு எண்ணே கிடையாது. கொலை, திருட்டு, வழிப்பறி, மோசடி எல்லாம் ரோமன்-டச்சு மரபில் வந்த பொதுச் சட்டக் குற்றங்கள். அவற்றின் இலக்கணம் நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. போதைப்பொருளுக்கு 1992-ஆம் ஆண்டின் 140-ஆம் சட்டம், துப்பாக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் சட்டம், பாலியல் குற்றங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் சட்டம் என்று சிலவற்றுக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டங்கள் உண்டு. ஜூரியும் இங்கே இல்லை, 1969-இலேயே ஒழித்துவிட்டார்கள்.

ஆகவே பிரிவு எண்களை மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். படிக்க வேண்டியது குற்றத்தின் கூறுகளை. ஒவ்வொரு குற்றமும் நான்கைந்து கூறுகளால் ஆனது. அந்தக் கூறுகள் ஒவ்வொன்றையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தக் குற்றம் நிற்காது. புலனாய்வு என்பது அந்தக் கூறுகளுக்கு ஒவ்வொன்றாகச் சான்று தேடும் வேலை. தேடியதெல்லாம் சேருகிற இடம் டாக்கெட் என்கிற வழக்குக் கோப்பு.

டாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது

புகார் பதிவானதும் நிலையத்தில் ஒரு கேஸ் எண் விழுகிறது. நிலையத்தின் பெயர், வரிசை எண், மாதம், ஆண்டு அதில் இருக்கும். அந்த எண்ணோடு திறக்கும் கோப்பில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். ஏ பிரிவில் சாட்சிகளின் வாக்குமூலங்களும் நிபுணர் அறிக்கைகளும் ஏ1, ஏ2 என்று எண் போட்டு அடுக்கப்படும். வழக்கமாகப் புகார்தாரரின் வாக்குமூலம்தான் ஏ1. பி பிரிவில் காவல் துறைக்குள் எழுதப்படும் கடிதங்களும் அறிக்கைகளும். சி என்பது புலனாய்வு நாட்குறிப்பு: யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன செய்தார், மேலதிகாரியும் அரசு வழக்கறிஞரும் என்ன உத்தரவு எழுதினார்கள் என்பதெல்லாம் அதில்.

புதிதாக வருபவர்கள் சி பிரிவை வெறும் காகிதச் சடங்கு என்று நினைக்கிறார்கள். சாட்சியைத் தேடி மூன்று முறை வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அவர் அங்கே இருந்திருக்க மாட்டார். அதை எழுதவில்லை என்றால் நீங்கள் போகவே இல்லை என்றுதான் கணக்கு. ஆறு மாதம் கழித்து டாக்கெட் வேறு ஒரு துப்பறிவாளர் கைக்கு மாறும்போது அவருக்கு வழிகாட்டுவதும் அந்தப் பக்கங்கள் மட்டுமே.

ஏ பிரிவை எழுதும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். 1995 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஷபலாலா வழக்கில் தீர்ப்பளிக்கும்வரை, போலீஸ் டாக்கெட் முழுவதும் எதிர்த்தரப்புக்கு மூடிய கதவு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏ பிரிவின் நகல் பொதுவாக எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞருக்குப் போய்ச் சேரும். நீங்கள் இரவு பதினொரு மணிக்கு அவசரத்தில் எழுதிய வாக்குமூலத்தை, ஒருவர் சிவப்புப் பேனாவோடு வரிவரியாகப் படிக்கப் போகிறார்.

ஒரு கடை, இரண்டு பேர், ஒரு கத்தி

கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு சிறிய மளிகைக் கடை. மாலை ஆறரை மணி. இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். மற்றவன் கத்தியைக் காட்டி, கல்லாவில் இருந்த பணத்தையும் கடைக்கார அம்மாவின் செல்போனையும் எடுத்துக்கொள்கிறான். இருவரும் ஓடுகிறார்கள். மறுநாள் அந்தப் போனோடு ஒருவன் பிடிபடுகிறான்.

திருட்டின் கூறுகள் இவை: பொருளை எடுத்துத் தனதாக்குவது, அது நகர்த்தக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருளாக இருப்பது, பிறருக்கு உரியதாக இருப்பது, எடுத்தது சட்டத்துக்குப் புறம்பாக இருப்பது, உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருப்பது. இதோடு வன்முறையோ வன்முறை மிரட்டலோ சேர்ந்து, அதன் பலத்தால் பொருள் கைமாறினால் வழிப்பறி. கூட்டத்தில் பர்ஸை உருவுவது திருட்டுதான். கடைக்காரரை மிரட்டிக் கல்லாவைத் திறக்க வைப்பது வழிப்பறி. ஆபத்தான ஆயுதத்தைக் காட்டியிருந்தாலோ, கடுமையான காயம் ஏற்படுத்தியிருந்தாலோ, ஏற்படுத்துவதாக மிரட்டியிருந்தாலோ, அது தீவிரச் சூழலுடன் கூடிய வழிப்பறி. இந்த வரையறை 1977-ஆம் ஆண்டின் 51-ஆம் சட்டத்தில், அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் பிரிவில் இருக்கிறது. அந்த நிலைக்குப் போனால் முதல் முறை குற்றவாளிக்கே குறைந்தபட்சம் 15 ஆண்டு சிறை. அதைக் குறைக்க, கணிசமான, வலுவான காரணங்கள் இருப்பதாக நீதிமன்றம் ஏற்க வேண்டும்.

இப்போது ஏ1-ஐப் பாருங்கள். "அவன் கையில் ஏதோ வைத்திருந்தான், நான் பயந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதி முடித்திருந்தால், அந்த 15 ஆண்டுக்கான அடித்தளம் அங்கேயே ஆட்டம் காண்கிறது. ஏதோ என்றால் என்ன? கத்தியா, ஸ்க்ரூடிரைவரா? அலகு எவ்வளவு நீளம்? எந்தக் கையில் பிடித்திருந்தான்? உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில்? அவன் வாயால் சொன்ன வார்த்தை என்ன? கேட்டால் அந்த அம்மா சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

வாசலில் நின்றவனுக்கும் இதே கதைதான். அவன் கத்தி பிடிக்கவில்லை, பணத்தைத் தொடவில்லை. அவனைச் சேர்ப்பது, கூட்டாகச் செய்தவர்களில் ஒருவன் செயலை மற்றவனுக்கும் சாட்டும் பொது நோக்கம் என்ற கோட்பாடு. 1989-இன் மெகெடெசி தீர்ப்பு அதற்கு நிபந்தனைகள் வைத்தது: முன்கூட்டியே உடன்பாடு இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால், அவன் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும், நடப்பது தெரிந்திருக்க வேண்டும், செய்தவர்களோடு சேர்ந்துகொள்ளும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அந்த எண்ணத்தைத் தன் செயலால் காட்டியிருக்க வேண்டும். 2003-இல் தெபஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றமும் இந்தக் கோட்பாடு செல்லும் என்றது. ஆக, "இன்னொருவனும் இருந்தான்" என்பது போதாது. உள்ளே வர முயன்ற ஒருவரை அவன் தடுத்தானா? தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தானா? சேர்ந்து ஓடினானா? அந்தச் செயல் வாக்குமூலத்தில் இருந்தால் மட்டுமே அவனைக் கூண்டில் ஏற்றிப் பயன் உண்டு.

போனோடு பிடிபட்டவனே கடைக்கு வந்தவன் என்று ஒரே தாவலில் போய்விடக் கூடாது. போன் ஒரே இரவில் மூன்று கை மாறும். கடையில் அவன் இருந்ததை நிரூபிக்க முடியாவிட்டால், திருட்டுப் பொருளை வாங்கியதற்கோ, நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருளுக்குத் திருப்தியான விளக்கம் தராததற்கோ 1955-ஆம் ஆண்டின் 62-ஆம் சட்டத்தில் 36, 37-ஆம் பிரிவுகள் இருக்கின்றன. குற்றச்சாட்டு சிறியதானாலும் நிற்கக்கூடியது.

அடையாளம் காட்டுவது

நேர்மையான சாட்சியும் தவறாக அடையாளம் காட்டலாம். 1972-இன் மெதெத்வா தீர்ப்பு கேட்கும் கேள்விகளை இன்றும் மாஜிஸ்ட்ரேட்டுகள் கேட்கிறார்கள்: வெளிச்சம் எப்படி, தூரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் பார்த்தார், முன்பே தெரிந்த முகமா, பார்வைக் கோளாறு உண்டா, ஆள் அசைந்துகொண்டிருந்தானா, முகம், குரல், நடை, உடை பற்றி என்ன சொன்னார். டர்பனில் ஜூன் மாத மாலை ஆறரைக்கு இருட்டிவிடும். டிசம்பரில் வெளிச்சம் இருக்கும். கடைக்குள் எந்த விளக்கு எரிந்தது என்று ஏ1-இல் ஒரு வரி இருக்க வேண்டும்.

அடையாள அணிவகுப்பு நடத்தினால், ஒரு சந்தேக நபருக்கு எட்டிலிருந்து பத்துப் பேராவது, உயரம், உடல்வாகு, வயது, உடை ஏறக்குறைய ஒத்தவர்களாக நிறுத்த வேண்டும். வழக்கைப் புலனாய்பவரே அதை நடத்தக் கூடாது. அணிவகுப்புக்கு முன்னால் சாட்சியிடம் போட்டோ காட்டிவிட்டால், அல்லது சந்தேக நபரை விலங்கோடு அவர் கண்ணில் படும்படி நடத்திக்கொண்டு போய்விட்டால், பிறகு எத்தனை பேரை வரிசையில் நிறுத்தினாலும் பயனில்லை.

வாக்குமூலத்தின் கடைசி நான்கு வரி

காவலர் எவரும் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கும் ஆணையராகவும் இருக்கிறார். கையெழுத்து வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இதில் உள்ளது தெரியுமா, புரிகிறதா? சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா? இந்தச் சத்தியம் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று கருதுகிறாரா? சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம். பிறகு அவர் உங்கள் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். தேதி, இடம், உங்கள் பெயர், பதவி எல்லாம் எழுத வேண்டும். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டு, நிலையத்துக்கு வந்து மற்றதை நிரப்பிக்கொள்ளும் பழக்கம் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியில் வெளிவரும்.

பாஷைச் சிக்கலும் உண்டு. குவாசூலு-நேட்டாலில் சாட்சி பெரும்பாலும் சூலுவில் சொல்வார். காவலர் ஆங்கிலத்தில் எழுதுவார். யாரும் திருப்பிப் படித்துக் காட்ட மாட்டார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாது; பொய் சொல்கிறார் என்ற பழி அவர் தலையில் விழும். மொழிபெயர்த்தவர் யார் என்பதும் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். இந்தப் பணிக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது, சட்டத்தோடு சேர்த்து சூலுவும் படியுங்கள் என்பதே. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையைத் தனக்குப் புரியும் மொழியில் பெற, அல்லது மொழிபெயர்த்துக் கேட்க, அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் பிடிபட்டால், அந்த உரிமை தமிழுக்கும் பொருந்தும்.

கைது, 48 மணி நேரம்

வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தின் மையம் நடைமுறைச் சட்டத்தின் 40(1)(பி). நான்கு நிபந்தனைகள்: கைது செய்பவர் காவலர் போன்ற அமைதிக் காவல் அலுவலராக (peace officer) இருக்க வேண்டும், அவருக்குச் சந்தேகம் இருக்க வேண்டும், அது கடுமையான குற்றங்களைப் பட்டியலிடும் முதல் அட்டவணையில் உள்ள குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், அந்தச் சந்தேகத்துக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். 1986-இன் டங்கன் தீர்ப்பு வகுத்தது இது. நான்கும் நிறைவேறினால் கைது செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த விருப்புரிமையைப் புத்தியோடு பயன்படுத்த வேண்டும் என்பதை 2010-இன் செகோட்டோ தீர்ப்பு விளக்கியது. "யாரோ போனில் சொன்னார்கள்" என்று மட்டும் வைத்துக் கைது செய்தால் நான்காவது நிபந்தனை காலி. சொன்ன தகவலை ஒருமுறை சரிபார்த்திருந்தால் நிலைமை வேறு. தவறான கைதுக்குக் காவல் துறை அமைச்சர் மீது நஷ்டஈட்டு வழக்கு வரும்.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இந்தியாவின் 24 மணி நேரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கெடு நீதிமன்ற நேரத்துக்கு வெளியேயோ விடுமுறை நாளிலோ முடிந்தால், அடுத்த நீதிமன்ற நாள் முடிவதற்குள். வெள்ளிக்கிழமை மாலை கைதானவர் திங்கட்கிழமைவரை உள்ளே இருப்பது இப்படித்தான். அவசரமில்லாத கைதை வெள்ளி மாலைக்கென்று எடுத்துவைப்பது சட்டத்தின் எழுத்துக்குள் இருந்தாலும் நல்ல போலீஸ் வேலை ஆகாது.

ஒப்புக்கொண்டான் என்றால்?

சினிமாவில் இங்கேதான் கதை முடியும். இங்கே நடைமுறைச் சட்டத்தின் 217-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் சுயமாக, தெளிந்த புத்தியோடு, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் தரப்பட்டிருக்க வேண்டும். சாதாரணக் காவலரிடம் சொன்னது செல்லாது. மாஜிஸ்ட்ரேட் அல்லது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் முன்னிலையில் அது உறுதிசெய்யப்பட்டு எழுதப்பட வேண்டும். ஆணை பெற்ற (கமிஷன்ட்) உயர் போலீஸ் அதிகாரியும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்தான். என்றாலும் அந்த வழக்கில் தொடர்பில்லாத அதிகாரியிடம் அழைத்துப் போவதே முறை.

அடித்து வாங்கிய சொல் மட்டுமல்ல, அடித்ததால் கிடைத்த பொருளும் போய்விடும். 2007-இல் டண்ட்வா வழக்கில், சித்திரவதையால் கண்டெடுத்த பணத்தையும் துப்பாக்கியையும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்றாக ஏற்க மறுத்தது. இதற்கு அடிப்படை, அரசியலமைப்பின் 35(5): உரிமையை மீறிப் பெற்ற சான்று விசாரணையின் நியாயத்தைக் கெடுத்தால், அல்லது நீதி நிர்வாகத்துக்குக் கேடானால், அதை விலக்க வேண்டும். வாரண்ட் இல்லாச் சோதனையையும் இதே அளவுகோலால் பார்ப்பார்கள். நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் அனுமதி இரண்டு வழியில்தான்: உரியவர் சம்மதம், அல்லது வாரண்ட் கேட்டால் கிடைத்திருக்கும், ஆனால் காத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்ற நியாயமான நம்பிக்கை.

பொருட்களின் பயணம்

கடையின் கண்ணாடி மேடையில் ஒரு கைரேகை கிடைக்கிறது என்று வைப்போம். தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களில் ஏழு புள்ளிகள் ஒத்துப்போனால் அது வலுவான அடையாளம். ரேகைக்கும் இங்குள்ள தமிழர்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1906-இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று வந்த சட்டம்தான் சத்தியாகிரகத்தைக் கிளப்பியது. தம்பி நாயுடு போன்றவர்கள் அதற்காகச் சிறை போனார்கள். அப்போது ஓர் இனத்தையே குற்றவாளி போலப் பதிவு செய்யப் பயன்பட்ட கருவி அது. இப்போது யாரிடம், எந்தக் கட்டத்தில் எடுக்கலாம் என்பதற்கு விதிகள் இருக்கின்றன.

கத்தி கிடைத்தால், எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே படம். கையுறை மாற்றிக்கொண்டு எடுத்து, எண் உள்ள முத்திரைப் பையில் போட்டு, அந்த எண்ணை நாட்குறிப்பிலும் வாக்குமூலத்திலும் எழுத வேண்டும். பிறகு நிலையத்தின் 13-ஆம் எண் சான்றுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அங்கிருந்து ஆய்வகத்துக்கு யார் கொண்டுபோனார், யார் வாங்கினார், முத்திரை உடையாமல் இருந்ததா என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் வேண்டும். ரத்தக் கறை படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெடும்; உலர்த்திக் காகிதப் பையில் போட வேண்டும். ஆய்வக அதிகாரி நேரில் வராமலே நடைமுறைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவின் கீழ் அஃபிடவிட் கொடுக்கலாம். ஆனால் அந்த அஃபிடவிட்டில் உள்ள முத்திரை எண்ணும் உங்கள் வாக்குமூலத்தில் உள்ள எண்ணும் ஓர் இலக்கத்தில் மாறியிருந்தால் சங்கிலி அறுந்தது. நடைமுறையில் மர்மமான சதியைவிட இந்த ஓர் இலக்கப் பிழை அதிக வழக்குகளைக் கெடுக்கிறது.

கழிவறைக் கதவு வழியே சுட்டுத் தன் காதலியைக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸின், உலகமே பார்த்த வழக்கில்கூட, சம்பவ இடத்தில் காலணிக்கு மேல் உறை அணியாமல் நடந்தது பற்றியும், கையுறை இல்லாமல் துப்பாக்கியைக் கையாண்டது பற்றியும் போலீஸார் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கு இன்னொன்றுக்கும் பாடம். 2014-இல் உயர்நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்றது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலை என்றது. உள்ளே இருப்பது யார் என்று தெரியாவிட்டாலும், ஒரு சிறிய கழிவறைக் கதவில் நான்கு முறை சுட்டால் உள்ளிருப்பவர் சாகலாம் என்று முன்னறிந்தும் சுட்டது போதும் என்பதே காரணம். இதைத்தான் சட்டத்தில் டோலஸ் எவென்சுவாலிஸ் என்கிறார்கள். மனத்தில் இருந்ததை யாராலும் படம் எடுக்க முடியாது. தோட்டாக்களின் எண்ணிக்கை, கதவின் பருமன், அறையின் அளவு ஆகியவற்றிலிருந்துதான் நீதிபதி அதை ஊகிக்கிறார். இந்த அளவுகளை எடுப்பது புலனாய்வாளரின் வேலை.

எங்கே, எப்படித் தொடங்குவது

காவல் துறையில் சேர தென்னாப்பிரிக்கக் குடியுரிமை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, குற்றப் பதிவு இல்லாமை, ஓட்டுநர் உரிமம், உடல் தகுதி ஆகியவை கேட்கப்படும். வயது வரம்பை அந்தந்த ஆட்சேர்ப்பு அறிவிப்பில் பாருங்கள். பயிற்சிக் கல்லூரிகளில் ஒன்று சாட்ஸ்வர்த்திலேயே இருக்கிறது. பொதுவாக நேராகத் துப்பறிவாளராக நுழைவதில்லை. சீருடைப் பணிதான் முதலில். வேலை பார்த்துக்கொண்டே யூனிசா பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் காவல் பணி டிப்ளோமா படிப்பவர்கள் பலர். சட்டம் முழுவதும் வேண்டுமென்றால் எல்எல்பி. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு காவல் துறையுடையது அல்ல, தேசிய வழக்குத் தொடுப்பு ஆணையத்துடையது என்பதையும் ஆரம்பத்திலேயே புரிந்துகொள்ளுங்கள்.

செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. சாஃப்லி என்ற இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு வழிப்பறித் தீர்ப்பை எடுத்து, ஒரு தாளில் இடப்பக்கம் குற்றத்தின் கூறுகளையும் வலப்பக்கம் ஒவ்வொன்றையும் நிரூபித்த சான்றையும் எழுதுங்கள். எந்த வரிக்கு எதிரே வெற்றிடம் விழுகிறதோ, அந்த இடத்தில்தான் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் கீழ் எதிரி விடுதலை கேட்பார்.

அடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை பெயில் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். பொதுமக்களுக்குத் திறந்ததுதான், செல்போனை அணைத்துவிடுங்கள். துப்பாக்கி காட்டிய வழிப்பறி அதே சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் வருவதால், தன்னை வெளியே விட அசாதாரணக் காரணம் உண்டு என்று எதிரியே காட்ட வேண்டியிருப்பதைக் கவனிப்பீர்கள். பெயில் விசாரணையை ஒரு தடவைக்கு ஏழு நாளுக்கு மேல் ஒத்திவைக்க முடியாது. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் அரசு வழக்கறிஞர் சொல்லும் காரணத்தை ஒரு நோட்டில் குறியுங்கள்: முகவரி சரிபார்க்கவில்லை, பழைய குற்றப் பதிவு வரவில்லை, காயத்துக்கான ஜே88 படிவம் டாக்கெட்டில் இல்லை, டாக்கெட்டே நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை.